பூல் க்யூ செய்வதை வீடியோவில் கற்றுக்கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) சீவல் பறக்கப் பறக்க ஒரு க்யூ, அதாவது பூல் விளையாட்டில் பந்தை அடிக்கும் கோல், உருவாகும் வீடியோக்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பின்னணியில் இசை, பத்தே நிமிடம், பளபளவென்று ஒரு க்யூ. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, தானே ஒன்று செய்யலாம் என்று லேத் முன்னால் போய் நிற்பவருக்கு முதல் வெட்டிலேயே கேள்விகள் வந்துவிடும். இன்னும் எவ்வளவு எடுக்கலாம்? இந்தச் சத்தம் சரிதானா? மரத்தில் தெரியும் கோடு விரிசலா, வெறும் நிறமா? வீடியோ எடுத்தவரின் கைக்கு இதெல்லாம் தெரியும். பழகிப்போனதால் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

‘கண் பார்த்தால் கை செய்யும்’ என்பார்கள். அந்தக் கண்ணுக்கு எதைக் காட்டுகிறோம்? கை செய்வதைக் காட்டுகிறோம், சரி. செய்பவர் எதைப் பார்த்து நிறுத்தினார், எதைக் கேட்டு வேகத்தைக் குறைத்தார், எதைத் தொட்டுப் பார்த்து ‘போதும்’ என்று முடிவு செய்தார் என்பதும் படத்தில் வந்தால்தான் அது பாடம். கீழே வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

படி 1: யாருக்கு, எந்த வேலை

‘க்யூ செய்வது எப்படி’ என்று எல்லாவற்றையும் ஒரே வீடியோவில் அடக்கப் பார்க்காதீர்கள். வழக்கமான பூல் க்யூ ஏறக்குறைய 58 அங்குல நீளம், அதாவது 147 செ.மீ. எடை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்சுக்குள். பந்தைத் தொடும் நுனியான டிப், அதைத் தாங்கும் வளையமான ஃபெரூல், மெல்லிய முன்பாதியான ஷாஃப்ட், இரண்டு பாதிகளையும் திருகிச் சேர்க்கும் ஜாயின்ட், அதற்குப் பின்னால் வரும் முன்கைப் பகுதி, கைப்பிடிச் சுற்று, ‘பட்’ எனப்படும் தடித்த பின்பாதியின் கீழ்ப்பகுதியான பட் ஸ்லீவ், அடியில் ரப்பர் பம்பர் என்று ஒவ்வொன்றும் தனி வேலை. ஒவ்வொன்றுக்கும் தனி வீடியோ கேட்கும்.

பார்ப்பவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். லேத்தையே தொடாதவருக்குச் சொல்லும் பாடமும், மரக்கடைசல் தெரிந்து க்யூவுக்குப் புதிதாக வருபவருக்குச் சொல்லும் பாடமும் வேறு. முதல் வீடியோவுக்கு டிப் மாற்றுவதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சிறிய வேலை, அரை நாளில் முடியும், விளையாடும் எல்லோருக்கும் பயன்படும். கேமரா முன்னால் வேலை செய்யும் பழக்கமும் உங்களுக்கு வந்துவிடும்.

படி 2: மரத்தின் காலண்டரை வைத்துத் திட்டமிடுதல்

இதைக் கவனிக்காமல் ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டவர்கள் அதிகம். ஷாஃப்டுக்கான மேப்பிள் மரத்தை ஒரே நாளில் முழுத் தடிமனிலிருந்து இறுதி அளவுக்குக் கொண்டுவர முடியாது. ஏறக்குறைய ஒரு அங்குல உருளையாகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுத்து, தொங்கவிட்டு, வாரக்கணக்கில் ஆறவிட வேண்டும். மேல் அடுக்கை எடுக்கும்போது உள்ளே இருந்த இறுக்கம் விடுபட்டு மரம் லேசாகத் திரும்பும், அதாவது கோணலாகும். அது திரும்பி முடிந்தபின் அடுத்த வெட்டு. டிப் பக்கம் 13 மி.மீ.யை நெருங்குவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கத்தான் வேண்டும்.

படப்பிடிப்புக்கு இது பெரிய சிக்கல். ஜனவரியில் எடுத்த காட்சியும் ஜூனில் எடுத்த காட்சியும் ஒரே வீடியோவில் வரும். இதற்கு ஒரே வழி, சமையல் நிகழ்ச்சிகளில் செய்வதுபோல ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டு தயாராக வைத்திருப்பது. நான் குறைந்தது ஆறு ஷாஃப்டுகளைச் சேர்த்து ஆரம்பிப்பேன். ஒன்று வெறும் உருளை, அடுத்தது முதல் வெட்டு முடிந்தது, அதற்கடுத்தது ஆறிக்கொண்டிருப்பது என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் பென்சிலால் தேதியும் அப்போதைய விட்டமும் எழுதிவையுங்கள். அந்தப் பென்சில் எழுத்து ஃப்ரேமுக்குள் தெரியட்டும். எவ்வளவு நாள் ஆறவிட்டீர்கள் என்பதைப் பார்ப்பவர் தன் கண்ணாலேயே படித்துக்கொள்வார்.

காத்திருப்பை எடிட்டிங்கில் மறைக்கவே மறைக்காதீர்கள். ‘சில வாரங்களுக்குப் பிறகு’ என்று இரண்டு நொடி எழுத்து போட்டுத் தாண்டினால், அவசரப்படும் புதியவர் அதைத் தாண்டியே போய்விடுவார். ஆறவிடுவதற்கு முன்னும் பின்னும் அதே ஷாஃப்டை லேத்தின் இரண்டு மையங்களுக்கு இடையில் பிடித்து, டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) வைத்துச் சுற்றிக் காட்டுங்கள். முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தவர் அடுத்தமுறை காத்திருப்பார்.

படி 3: எழுதும் முன் ஒருமுறை செய்துபாருங்கள்

ஸ்கிரிப்டை மேசையில் உட்கார்ந்து எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும். முதலில் கேமரா இல்லாமல் வேலையைச் செய்யுங்கள். பக்கத்தில் ரெக்கார்டர் ஓடட்டும். கை நிற்கும் ஒவ்வொரு முறையும் ஏன் நின்றது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘பிசின் இன்னும் நகம் பட்டால் அமுங்குகிறது, அதனால் ஆற விடுகிறேன்.’ ‘டூல் முனை சூடாகிவிட்டது.’ அந்தப் பதிவைக் கேட்டு எழுதும் ஸ்கிரிப்ட்தான் உதவும். அளவு, டூல், பிசின் ஆறும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் தனியாக எழுதி லேத்துக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரும் அங்குலமும் இரண்டுமே சொல்லுங்கள். இந்தத் தொழிலில் திருகு அளவுகள் பெரும்பாலும் அங்குலத்திலும், டிப் விட்டம் மில்லிமீட்டரிலும்தான் பேசப்படுகின்றன.

படி 4: கேமராவும் வெளிச்சமும்

விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. ஆனால் க்யூவுக்கென்றே சில தொல்லைகள் உண்டு.

முதலாவது லென்ஸ். நான் எடுத்த முதல் ஷாஃப்ட் வீடியோவில், நூல் பிடித்தாற்போல் நேராக இருந்த ஷாஃப்ட் வில் மாதிரி வளைந்து தெரிந்தது. இடம் போதாமல் மொபைலின் அகலக் கோண லென்ஸில், ஃப்ரேமின் கீழ் ஓரமாக அதை வைத்து எடுத்திருந்தேன். அப்படிப்பட்ட லென்ஸ்கள் ஓரத்தில் வரும் நேர்கோட்டை வளைத்துவிடும். நேராக இருப்பதே உயிர் என்னும் ஒரு பொருளை வளைத்துக் காட்டினால் பாடம் போயிற்று. கேமராவைப் பின்னால் தள்ளி, சாதாரண அல்லது டெலி லென்ஸில், க்யூ ஃப்ரேமின் நடுவே போகும்படி எடுங்கள். வேகமாகப் பக்கவாட்டில் கேமராவைத் திருப்பவும் கூடாது. வரிவரியாகப் படம் பிடிக்கும் மொபைல் சென்சாரில் நிமிர்ந்து நிற்கும் க்யூ சாய்ந்து தெரியும்.

இரண்டாவது ஷட்டர். லேத் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் அது நொடிக்கு 25 சுற்று. நொடிக்கு 25 ஃப்ரேமில் வேகமான ஷட்டர் வைத்து எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மரம் அதே நிலையில் பிடிபடும். நான்கு பாயின்ட் (கூரான முக்கோண வேலைப்பாடு) உள்ள முன்கைப் பகுதி அசையாமல் நிற்பதுபோல் தெரியும். சுற்றும் மரத்தை நின்ற மரமாகக் காட்டுவது ஆபத்து. ஷட்டரை 1/50க்கு இறக்கினால் சுற்று மங்கலாகி, ஓடுகிறது என்று தெளிவாகத் தெரியும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் விளக்கு மினுமினுப்பதையும் இதுவே அடக்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60.

மூன்றாவது எக்ஸ்போஷர். வெள்ளை மேப்பிளும் கருங்காலியும் ஒரே ஃப்ரேமில் வரும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் கருங்காலி வரும்போது படம் வெளுத்துவிடும், மேப்பிள் வரும்போது இருண்டுவிடும். எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள்.

வெளிச்சம் மேலிருந்து மட்டும் வந்தால் கீறல் தெரியாது. ஒரு விளக்கைத் தாழ்வாக, மரத்தை உரசினாற்போல் பக்கவாட்டில் வையுங்கள். உப்புத்தாள் விட்ட கோடுகள், பிசின் திட்டுகள், அலை அலையான வெட்டுத் தடங்கள் எல்லாம் அப்போதுதான் எழுந்து நிற்கும். சிறு கண்கள் போன்ற புள்ளிகள் உள்ள பறவைக்கண் மேப்பிளின் உள்ளொளியைக் காட்டவும் இதே விளக்குதான். மரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பினால் போதும்.

ட்ரைபாடை லேத் மேசையில் வைக்காமல் தரையில் வையுங்கள், அதிர்வு வராது. கேமராவை உங்கள் தோளுக்குப் பின்னால், கண் உயரத்தில் நிறுத்துங்கள். எதிரிலிருந்து எடுத்தால் இடது வலதாக மாறி, பார்ப்பவர் டூலைத் தவறான பக்கம் சாய்ப்பார். லென்ஸுக்கு ஒரு யுவி ஃபில்டர் மாட்டிவிடுங்கள். மரத்தூளைத் துடைத்துத் துடைத்து அது கீறினாலும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: சத்தம்

க்யூ செய்பவர் பாதி வேலையைக் காதால்தான் செய்கிறார். கூரான டூல் மேப்பிளில் ஓடும்போது ஒரே சீரான ‘ஸ்ஸ்’ சத்தம் வரும். நீளமான ஷாஃப்டின் நடுப்பகுதி அதிரத் தொடங்கினால் அது ‘டர்ர்’ என்று மாறும். மரத்தில் தடம் விழுந்து கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். இந்த இரண்டு சத்தங்களையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கச் செய்யுங்கள், மேலே பேசாமல். தூசி உறிஞ்சும் மெஷின் ஓடும்போது இது பதிவாகாது. முகமூடியோடு சில நொடிகள் மட்டும் அதை நிறுத்திப் பதிவு செய்துகொண்டு உடனே மறுபடி போடுங்கள்.

விளக்கங்களைப் பின்னால் வாய்ஸ் ஓவராகச் சேர்ப்பதே நல்லது. லேத் ஓடும்போது கத்திப் பேசினால் கேட்கவும் முடியாது, கவனமும் சிதறும். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சட்டையில் மாட்டும் வயர் மைக் லேத் பக்கம் வரவே கூடாது. கழுத்துக் கயிறு, தொளதொள கை, கையுறை, மைக் வயர் எல்லாம் ஒரே ரகம். சுற்றும் மரம் ஒன்றைப் பிடித்துவிட்டால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

படி 6: ஒவ்வொரு வேலையிலும் கேமரா எங்கே நிற்க வேண்டும்

பாயின்ட் வெட்டுவதில் அதிக நேரம் செலவிடுங்கள். முன்கைப் பகுதியில் மேல்நோக்கிக் கூராகப் போகும் முக்கோணங்கள்தான் பலரைக் க்யூ பக்கம் இழுக்கின்றன. தவறு வெளிப்படையாகத் தெரிவதும் அங்கேதான். மரத்தில் V வடிவப் பள்ளம் வெட்டி, வெனீர் (மெல்லிய மரத்தகடு) வைத்து, வேறு மரம் ஒட்டி, பிறகு லேத்தில் கடைந்து உருட்டி எடுக்கிறோம். பள்ளத்தின் ஆழம் 300 மி.மீ. நீளத்தில் 10 மி.மீ.யிலிருந்து பூஜ்யமாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 30க்கு 1 சாய்வு. ஒரு பள்ளம் மட்டும் 0.1 மி.மீ. ஆழம் குறைந்தால் அதன் முனை 3 மி.மீ. கீழே நின்றுவிடும். நான்கு பாயின்டில் மூன்று சமமாக இருந்து ஒன்று 3 மி.மீ. இறங்கியிருந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கண்ணிலும் படும்.

இந்தக் கணக்கை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. ஒரு வீணான துண்டில் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தை 0.1 மி.மீ. குறைத்து வெட்டி, ஒட்டி, உருட்டுங்கள். நான்கு முனைகளுக்கும் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றிப் பிடித்து, ஒன்று எவ்வளவு விலகுகிறது என்று அருகிலிருந்து காட்டுங்கள். ஒரு துண்டு மரம் போனாலும் பரவாயில்லை. உருட்டும்போது முனைகள் ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்குவதையும் ஃப்ரேமை மாற்றாமல் எடுங்கள். எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு அந்த ஒரே ஷாட் பதில்.

ஜாயின்ட்டுக்கு ஒரு எளிய வித்தை உண்டு. 3/8-10 என்றால் 3/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 10 புரிகளும் கொண்ட திருகு என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு ஜாயின்ட் முகத்தைக் கறுப்பு மார்க்கரால் பூசி, லேசாக ஒரு வெட்டு எடுங்கள். மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். மை முழுவதும் சீராகப் போனால் முகம் சமம். இரண்டு பாதிகளையும் திருகி, பின்னால் விளக்கைப் பிடித்து இடைவெளியில் ஒளி கசிகிறதா என்று காட்டுங்கள். மேக்ரோவில், அதாவது மிக அருகிலிருந்து எடுத்தால், இது அழகாக வரும்.

ஷாஃப்ட் மரத்தைத் தேர்ந்தெடுக்கும் காட்சியில் ரேகை ஓட்டத்தைக் காட்டுங்கள். நுனியிலிருந்து அடிவரை ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறும் ரேகை உள்ள துண்டு, கோணலாவதற்கும் உடைவதற்கும் அதிக வாய்ப்புள்ளது. ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மீட்டரை வைத்துக் காட்டிவிடுங்கள்.

கைப்பிடிக்கு லினன் நூல் சுற்றுவதை வெட்டாமல் எடுங்கள். நூலின் இறுக்கத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும் விரல்களைத் தனி கேமராவில் காட்டினால்தான் புரியும். ஃபெரூல், டிப் வேலைகளில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒட்டும் இரண்டு முகங்களும் தட்டையாக இருக்கின்றனவா, டிப்பைச் சீவும்போது ஃபெரூலில் கீறல் விழாமல் எப்படிக் காப்பது என்று இரண்டைக் காட்டினால் போதும்.

எடை சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள். முடிந்த க்யூவை ஒரு விரலில் நிறுத்தி, அடியிலிருந்து எத்தனை அங்குலத்தில் சமநிலை வருகிறது என்று அளந்து காட்டுங்கள். பெரும்பாலும் 18, 19 அங்குலத்தை ஒட்டி வரும். பட் உள்ளே இருக்கும் எடை போல்ட்டை மாற்றினால் அது எப்படி நகர்கிறது என்பதை அங்கேயே செய்துகாட்டலாம்.

படி 7: பாதுகாப்பை உடம்பில் காட்டுவது

வீடியோ தொடக்கத்தில் ஒரு எச்சரிக்கை எழுத்து போட்டுவிட்டு, உள்ளே முகமூடி இல்லாமல் வேலை செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பார்ப்பவர் எழுத்தைப் பின்பற்றுவதில்லை, உங்களைப் பின்பற்றுகிறார். கோகோபோலோ போன்ற ரோஸ்வுட் வகைகளின் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையைக் கொண்டுவரும். ஒருமுறை வந்தால் அடுத்தடுத்த முறை அதிகமாகும். பளபளப்புக்கு அடிக்கும் இரண்டு பாகக் கார் யூரித்தேனில் ஐசோசயனேட் என்னும், மூச்சுக்குத் தீங்கான வேதிப்பொருள் இருக்கிறது. சாதாரணத் தூசி முகமூடி அதற்குப் போதாது. அதற்குரிய மூச்சுக் கவசமும் காற்றோட்டமும் இல்லாமல் அந்தக் காட்சியை எடுக்கவே வேண்டாம். சக் சாவியை (லேத்தில் மரத்தைப் பிடிக்கும் பகுதியை இறுக்கும் சாவி) கழற்றிய பிறகே ஸ்விட்சைத் தொடுவதை ஒவ்வொரு முறையும் ஃப்ரேமில் வைத்திருங்கள்.

மரத்தின் பெயரையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அது சேர்ந்த டால்பெர்ஜியா பேரினத்தின் மற்ற வகைகள் 2017இல் மொத்தமாக இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. எல்லை தாண்டி அனுப்ப ஆவணம் வேண்டும். உங்கள் வீடியோவைப் பார்த்து மரம் வாங்கப்போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தந்தம் பதித்த பழைய க்யூக்களைக் காட்டினால், இன்று அதற்குப் பதிலாக என்ன பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் சேர்த்தே காட்டுங்கள்.

யாரிடம் கற்றீர்கள், யார் செய்த துண்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். புகழ்பெற்ற க்யூ கலைஞர் ஜார்ஜ் பாலபுஷ்காவே (1912–1975) பாயின்ட் வேலை முடிந்த துண்டுகளை பர்டன் ஸ்பெயின், கஸ் ஸாம்போட்டி போன்றவர்களிடமிருந்து வாங்கித் தன் க்யூக்களைச் செய்திருக்கிறார். வாங்கிய துண்டில் வேலை செய்வது குறை இல்லை. அதை நீங்களே வெட்டியதுபோல் எடிட் செய்தால்தான் கற்பவர் குழம்புவார்.

படி 8: பிசகுகளை வெட்டி எறியாதீர்கள்

மரம் பெயர்ந்துவிட்டதா, பிசின் கோட்டில் இடைவெளி விழுந்ததா, கேமரா ஓடட்டும். லேத்தை நிறுத்தி, பெயர்ந்த இடத்தை மேக்ரோவில் காட்டி, என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள், இதைக் காப்பாற்றலாமா என்று சொல்லுங்கள். சின்னப் பெயர்வு என்றால் பெயர்ந்த சில்லையே தேடி எடுத்து சூப்பர் குளூ வைத்து ஒட்டுவதைக் காட்டலாம். ஷாஃப்ட் திரும்பிவிட்டது என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு எடுப்பதைக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்தவரை கற்பவர்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது இந்த இடங்களைத்தான்.

படி 9: எடிட்டிங்

இசையைக் குறையுங்கள். வெட்டும் காட்சிகளில் இசையே வேண்டாம், டூலின் சத்தம் போதும். வேகமாக ஓட்டும் காட்சியில் திரையின் மூலையில் எத்தனை மடங்கு வேகம் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் டூலை அந்த வேகத்தில் தள்ளிப்பார்ப்பவர் இருப்பார். காலிப்பர் காட்டும் எண்ணைக் குறைந்தது மூன்று நொடி நிறுத்துங்கள். சாப்டர்களுக்கு ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்று பெயர் வைக்காமல் ‘ஜாயின்ட் முகத்தைச் சமப்படுத்துவது’ என்று வேலையின் பெயரை வையுங்கள். பார்ப்பவர் லேத் பக்கத்தில் மொபைலை வைத்துக்கொண்டு, தூசி படிந்த விரலால் அந்த இடத்தைத் தேடுவார். சப்டைட்டிலைக் கையால் திருத்துங்கள். தானாக வரும் எழுத்தில் அளவுகள் தவறினால் மரம் வீணாகும்.

படி 10: வெளியிடும் முன்னும் பின்னும்

க்யூ செய்யாத, ஆனால் கருவிகளோடு பழகிய ஒருவரிடம் முதல் வடிவத்தைக் காட்டுங்கள். சும்மா பார்க்கச் சொல்லாதீர்கள். ஒரு மரத்துண்டைக் கொடுத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்தி அந்த வேலையைச் செய்யச் சொல்லி, பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஷாட் விட்டுப்போயிருக்கிறது. அவற்றை எழுதிக்கொண்டு, அந்த ஷாட்களை மட்டும் மறுபடி எடுத்துச் சேருங்கள். படி 2இல் சொன்ன மீதித் துண்டுகள் இதற்குத்தான் உதவும்.

அளவில் தவறு சொல்லிவிட்டீர்கள் என்று பின்னால் தெரிந்தால், விளக்கக் குறிப்பில் மட்டும் திருத்தினால் போதாது. அந்தக் காட்சியைச் சரிசெய்து மறுபடி ஏற்றுங்கள்.

வீடியோவில் செய்த க்யூவை உடனே விற்றுவிடாமல் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலமும் வெயில் காலமும் கடந்த பிறகு அதே ஷாஃப்டை அதே மையங்களுக்கு இடையில் பிடித்து, அதே டயல் கேஜை வைத்து, அதே கோணத்தில் எடுங்கள். முள் அசையவில்லை என்றாலும் எடுங்கள், அசைந்தாலும் எடுங்கள். ஐந்து நிமிட வீடியோ போதும். அதை ஷாஃப்ட் பாடத்துக்குப் பின்னாலேயே வரிசையில் சேர்த்துவிடுங்கள்.